சுரங்கக் கல்லறைக்குள் இறங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கப்புச்சின் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளின் மடத்துக்கு அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை படுத்திருக்கிறாள். பெயர் ரொசாலியா லொம்பார்தோ. 1920 டிசம்பரில், இரண்டு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது இறந்துபோனாள். தலையில் கட்டிவிட்ட பெரிய ரிப்பன் இன்னும் இருக்கிறது. நெற்றியில் விழும் முடிச்சுருள்கூடக் கலையவில்லை.

இந்தக் குழந்தை கண் சிமிட்டுகிறாள் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அவள் இமைகள் ஒருபோதும் முழுதாக மூடியிருக்கவில்லை. சன்னல் வழியாக விழும் வெளிச்சம் நேரத்துக்கு நேரம் கோணம் மாறுவதால் அப்படித் தோன்றுகிறது. ஆல்ஃபிரெதோ சலாஃபியா என்பவர் ஃபார்மலின், துத்தநாக உப்புகள், ஆல்கஹால், சாலிசிலிக் அமிலம், கிளிசரின் கலந்து உடலில் செலுத்தியதால்தான் அவள் நூறு வருடம் கடந்தும் இப்படி இருக்கிறாள். பேய்க்கதையை மனதில் வைத்துக்கொண்டு இறங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கண் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, எதிரே கிடப்பது ஒரு வீட்டின் செல்லப் பிள்ளை என்பது உறைக்கவே உறைக்காது.

அந்த மடத்தில் முதலில் துறவிகளை மட்டும்தான் வைத்தார்கள். 1599-இல் அது தொடங்கியது. பிறகு ஊர் மக்களும் இடம் கேட்டார்கள். உடலைச் சுடுமண் குழாய்களின் மேல் கிடத்தி மாதக்கணக்கில் உலரவிட்டு, வினிகரால் கழுவி, நல்ல உடை உடுத்திச் சுவரோரம் நிறுத்தினார்கள். உறவினர்கள் வந்து பார்த்தார்கள், உடை மாற்றிவிட்டார்கள். பல உடல்களில் பெயரும் இறந்த நாளும் எழுதிய அட்டை இன்றும் தொங்குகிறது. அவசரமாக நடப்பவர்கள் அதைப் படிப்பதே இல்லை.

அடுத்தது கேமரா. பலெர்மோவில் படம் எடுக்கவே கூடாது. செக் நாட்டின் குட்னா ஹோராவில் எலும்புகளால் அலங்கரித்த செட்லெக் தேவாலயம் இருக்கிறது. மண்டையோடுகளுக்குத் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிச் செல்ஃபி எடுக்கும் அளவுக்கு நிலைமை போனதால், 2020 முதல் அங்கேயும் முன் அனுமதி இல்லாமல் படம் எடுக்கத் தடை. பாரிஸில் நகருக்கு அடியில் எலும்புகளை அடுக்கிவைத்த சுரங்கம் இருக்கிறது. அங்கே படம் எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷ் போடக் கூடாது. அனுமதி இருக்கிற இடத்திலும் பல்லைக் காட்டி போஸ் கொடுக்காதீர்கள். அங்கே கிடப்பவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தொடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. விரலின் எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சிக் கறையாகிவிடும். காய்ந்த தோல் லேசான அழுத்தத்துக்கே உதிரும். டப்ளினில் உள்ள புனித மிக்கான் தேவாலயத்தின் நிலவறையில், ‘சிலுவைப் போர் வீரர்’ என்று அழைக்கப்பட்ட மம்மியின் விரலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று வருகிறவர்கள் வருடக்கணக்கில் தொட்டார்கள். 2019-இல் அவர் தலையையே ஒருவர் திருடிப்போனார். அது மீட்கப்பட்டது. ஆனால் 2024-இல் யாரோ வைத்த தீயும், அதை அணைக்க அடித்த தண்ணீரும் அங்கிருந்த மம்மிகளை நாசமாக்கிவிட்டன. பல நூற்றாண்டுகளாக அவர்களைக் காத்தது அந்த நிலவறையின் உலர்ந்த காற்று. அங்கே தண்ணீர் புகுந்ததைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

நாம் விடும் மூச்சிலும் ஈரம் இருக்கிறது. கூட்டம் கூடக் கூட உள்ளே ஈரப்பதம் ஏறும். விளக்கு வெளிச்சம் படும் சுவர்களில் பச்சைப் பாசி பிடிக்கும். ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வாசலில் காக்கவைத்தால் காவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ரோமில் புனித கலிஸ்து, தொமித்தில்லா போன்ற சுரங்கக் கல்லறைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உடல்களை வைக்கச் சுவரில் குடைந்த வெறும் மாடங்கள்தான். புனிதர்களின் எலும்புகளை 8, 9-ஆம் நூற்றாண்டுகளிலேயே நகரத்துத் தேவாலயங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியவை மென்பாறையில் குடைந்த பாதைகளும் சுவரோவியங்களும். வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள். இன்றும் வழிபாட்டுத் தலங்கள் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. எலும்புகளையே பார்க்க வேண்டுமானால், அதே ரோமில் வெனெத்தோ சாலையில் உள்ள கப்புச்சின் நிலவறைக்குப் போங்கள். சுமார் 3,700 துறவிகளின் எலும்புகள் அங்கே இருக்கின்றன.

பழைய பயணக் குறிப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். பாரிஸ் சுரங்கத்தையே புதுப்பிப்பு வேலைக்காக 2025 நவம்பரில் மூடினார்கள். டிக்கெட் எடுக்குமுன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ தளத்தைப் பாருங்கள்.

பாரிஸுக்கு உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். 131 படி இறங்கி, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, 112 படி ஏற வேண்டும். வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே 14 டிகிரிதான், தரை ஈரமாக இருக்கும், கழிப்பறை கிடையாது. வெளியேறும் வாசல் வேறு தெருவில் இருக்கிறது, அதனால் நுழைவாயிலில் யாரையும் காக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருப்பதால் ஒன்றை எடுத்துப் பைக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே வரும்போது பையைத் திறந்து பார்ப்பது அதனால்தான்.

பாரிஸ் சுரங்கங்களில் பொதுமக்களுக்குத் திறந்த பகுதி மிகச் சிறியது. மீதிச் சுரங்கங்களுக்குள் நுழைவது 1955 முதல் சட்டவிரோதம். 2017-இல் அப்படி நுழைந்த இரண்டு பதின்வயதுப் பையன்கள் மூன்று நாள் இருட்டில் வழி தெரியாமல் அலைந்தார்கள். மீட்புக் குழுவின் நாய்கள்தான் அவர்களைக் கண்டுபிடித்தன. கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் கிளம்பிவிடாதீர்கள்.

பிள்ளைகளை அழைத்துப்போவதானால் முதல் நாளே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பலெர்மோவில் குழந்தைகளின் உடல்களும் இருக்கின்றன, தன் வயதுப் பிள்ளையைக் கண்ணாடிக்குள் பார்த்தால் எந்தக் குழந்தையும் கேள்வி கேட்கும். “இவங்க ரொம்ப நாளைக்கு முன்னாடி செத்துப்போனவங்க, வீட்டுல இருந்தவங்க பாசமா இங்க வெச்சிருக்காங்க” என்று உள்ளதைச் சொல்லுங்கள். போக மாட்டேன் என்று குழந்தை சொன்னால், ஒருவர் அதனோடு மேலேயே இருந்துவிடுங்கள்.