ஒரே எண், இரண்டு கார்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் இ-டைப் விற்பவரிடம் சேசிஸ் நம்பரைக் காட்டச் சொன்னால், பானட்டைத் தூக்கி உள்ளே பதித்திருக்கும் சின்னத் தகட்டைக் காட்டுவார். சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் என்று நான்கு எண்களும் அதில் வரிசையாக இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்து, பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிடுவதுதான் முதல் தவறு. எண் அடிக்காத வெற்றுத் தகடு உதிரிபாகம் விற்பவர்களிடம் புதிதாகவே கிடைக்கிறது. நம்பர் பஞ்ச் செட் ஒன்று கையில் இருந்தால் வேலை முடிந்தது. காரில் என்னென்ன எண்கள் இருக்க வேண்டும் என்பதைத்தான் தகடு சொல்கிறது. அவை இருக்கின்றனவா என்பதை இரும்பில்தான் தேட வேண்டும்.

சரி, இரும்பில் எங்கே? இ-டைப்பின் நடுப்பகுதி, தகடுகளை வெல்டிங் செய்து கட்டிய கூடு. இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் பகுதி மட்டும் தனிக் குழாய்ச் சட்டம். அதைக் கூட்டோடு போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தச் சட்டத்தின் முன்முனைப் பாகத்துக்கு பிக்சர் ஃப்ரேம் என்று பெயர். அதில், வலப்பக்க ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலேதான் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். அதாவது, ஸ்பானர் வைத்துக் கழற்றிவிடக்கூடிய பாகத்தில்தான் காரின் மொத்த அடையாளமும் இருக்கிறது. இதற்காக ஜாகுவாரைக் குறை சொல்ல முடியாது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இந்தக் காரை அறிமுகம் செய்தபோது, அறுபது வருஷம் கழித்து அந்த எண்ணுக்காக ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இதில் இரண்டு விதமான கதைகள் நடக்கின்றன. முன்பக்கம் மோதியோ துருப்பிடித்தோ போன காருக்குப் புதுச் சட்டம் மாட்டி, பழைய எண்ணையே அதில் அடித்திருப்பார்கள். விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லி, பழைய சட்டத்தையும் காட்டினால் அதில் குற்றமில்லை. இரண்டாவது கதை வேறு. நொறுங்கிய காரின் சட்டமும் பதிவுச் சான்றும் ஒருவர் கைக்குப் போகும். மிச்சமிருக்கும் கூடு இன்னொருவர் கைக்குப் போகும். முதலாமவர் வேறொரு கூட்டைத் தேடிப் பிடிப்பார், இரண்டாமவர் புதுச் சட்டம் வாங்கி எண் அடிப்பார். இப்போது ஒரே எண்ணில் இரண்டு கார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இரண்டையும் விலை கொடுத்து வாங்கியவர்கள், தங்களுடையதுதான் அசல் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். இன்ஜின் நம்பர் சிலிண்டர் பிளாக்கின் வலப்பக்கத்தில், ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும்; சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே எண் இருக்க வேண்டும். 3.8 லிட்டர் இன்ஜினுக்கு ஆர் என்ற எழுத்தும், தொடக்கக்கால 4.2 லிட்டருக்கு 7இ என்பதும் முன்னால் வரும். கடைசியில் ஒரு கோடு போட்டு 8 அல்லது 9 என்று இருந்தால் அது கம்ப்ரஷன் விகிதம். கியர்பாக்ஸ் எண் அதன் பெட்டியின் பின்பக்க இடது மூலையில் இருக்கும். பாடி எண்ணுக்குத் தனியாக ஒரு குட்டித் தகடு உண்டு. இன்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரின் வலப்பக்கத்தில் பாருங்கள்.

எண்ணைப் படித்ததும் காரையும் படிக்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள 3.8 ரோட்ஸ்டர்களின் (கூரை திறக்கும் கார்கள்) எண்கள் 850001-லும், கூபேக்களின் (நிலையான கூரை உள்ளவை) எண்கள் 860001-லும் தொடங்குகின்றன. இடப்பக்க ஸ்டியரிங் என்றால் 875001, 885001. முதலில் வந்த 500 கார்களில் பானட்டின் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. பெட்டிச் சாவி போன்ற ஒன்றை விட்டுத் திருக வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் ரோட்ஸ்டர்களில் இது 850091 வரைதான் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங் கூபேக்களில் வெறும் நான்கே கார்கள். ஆகவே 850300 என்ற எண்ணோடு வெளிப்பூட்டு வைத்த கார் வந்தால், பானட் மாறியிருக்கிறது, இல்லை எண் மாறியிருக்கிறது. விற்பவர் இதற்கு என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுப் பார்ப்பதில் ஒரு சுவாரஸ்யமும் இருக்கிறது.

அடுத்து சான்றிதழ் மயக்கம். ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. நான்கு எண்கள், கார் தயாரான தேதி, அனுப்பிய தேதி, முதலில் அடித்த பெயின்ட், சீட்டின் நிறம், எந்த டீலருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அருமையான ஆவணம்தான். ஆனால் அது விவரிப்பது அந்தக் காலத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியே போன காரை. உங்கள் முன்னால் நிற்பது அந்தக் கார்தானா என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. போலி செய்பவன் முதலில் வாங்குவதே இந்தச் சான்றிதழைத்தான். அதைப் பார்த்துத்தான் எண் அடிப்பான். எனவே சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே காரிலுள்ள எண்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், மங்கலாகத் தெரியும் 3 என்ற எண்ணைக்கூட, காகிதத்தில் 8 என்று இருப்பதால் 8 என்றே படிப்பீர்கள்.

நான்கு எண்ணும் பிசகாமல் பொருந்தும் கார்மேல்தான் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகம் வரும். 3.8 காரின் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. 1964 அக்டோபரில் வந்த 4.2-ல் எல்லா கியருக்கும் இருந்ததால், பழைய கார் வைத்திருந்த பலர் கியர்பாக்ஸை மாற்றிக்கொண்டார்கள். அது ஓட்டிப் பழகியவர் செய்த நியாயமான மாற்றம். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எல்லாம் பொருந்தினால், பொருந்தும் எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்யும் அதே வேலை போதும்: எண்மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுப்பது. ஃபோட்டோவில் வெளிச்சம் ஏமாற்றும், பென்சில் பிரிண்ட் ஏமாற்றாது. கையால் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்த எண்களில் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் விழுந்திருக்கும், இடைவெளியும் சீராக இருக்காது; ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சந்தேகமில்லாத இன்னொரு காரின் பிரிண்டைப் பக்கத்தில் வைத்தால், 4-இன் கொம்பும் 6-இன் வாலும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று தெரிந்துவிடும். எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தடமோ, பூசிய பட்டியோ, அந்த ஒரு கையகல இடத்தில் மட்டும் தடித்த பெயின்ட்டோ இருந்தால் நின்றுவிடுங்கள். எண்ணைத் தேய்த்து அழித்தாலும், பஞ்ச் அடித்த இடத்துக்குக் கீழே இரும்பு அழுந்திப் போயிருக்கும். தடயவியல் ஆட்கள் காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவி அந்தப் பழைய எண்ணை மேலே வரவைப்பது இதனால்தான். அதை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம், ப்ளீஸ்.

கார் எண்ணைப் போட்டால் விவரம் சொல்லும் வி.ஐ.என். டீகோடர் இன்டர்நெட்டில் கிடைக்கிறது. அதில் 1960-களின் எண்ணைப் போட்டுவிட்டு, 'தவறான எண்' என்று வந்ததும் பயப்படுகிறவர்களும் உண்டு. 17 இலக்க முறை அமெரிக்காவில் கட்டாயமானது 1981 மாடல் கார்களிலிருந்துதான். அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு சில சமயம் நமக்கே உதவும். போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 மொத்தம் 1,580 கார்கள்தான் வந்தன. ஆனால் பின்பக்க ஸ்பாய்லரும், கதவில் எழுத்தும், அகலமான சக்கரமும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சாதாரண 911-ஐ இப்படி மாற்றிய கார்கள் உலகெங்கும் ஓடுகின்றன. எண்ணைப் பாருங்கள்: 911 என்பது வகை, அடுத்த 3 என்பது 1973 மாடல், அதற்கடுத்து 6 இருந்தால் கரேரா ஆர்.எஸ்.; 1 இருந்தால் அது சாதாரண 911-இன் டி ரகம், 2 என்றால் இ, 3 என்றால் எஸ். ஐந்தாவது இலக்கம் 1 என்றிருக்கும் காரை ஆர்.எஸ். என்று விற்றால், அது வாத்து வால் (அந்தப் பின்பக்க ஸ்பாய்லரின் செல்லப் பெயர்) ஒட்டிய 911 டி. ஐந்தாவது இலக்கம் 6-ஆகவே இருந்தாலும் மேலே சொன்ன பென்சில் வேலையிலிருந்து தப்பிக்க முடியாது. இன்ஜினில், காத்தாடிக்குப் பக்கத்தில், 911/83 என்ற வகை எண்ணும் இருக்க வேண்டும்.

எண்ணும் உண்மை, தொழிற்சாலையும் உண்மை, ஆனால் கார் புதிது என்ற விநோதமும் இருக்கிறது. 1963-ல் ஜாகுவார் 18 லைட்வெயிட் இ-டைப்களுக்கு எண் ஒதுக்கி, 12 மட்டுமே கட்டியது. விட்டுப்போன ஆறு எண்களுக்கு 2014-ல் தொடங்கிப் புதிதாகக் கார் கட்டி விற்றது. ஒளிவுமறைவு இல்லாத வியாபாரம்தான். ஆனாலும் 'தொழிற்சாலை எண்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வயதைக் கணக்குப் போடக்கூடாது.

எண்களிலேயே மூழ்கி, கை மாறிய வரலாற்றை விட்டுவிடுவது இன்னொரு பெரிய தவறு. 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' பென்ட்லி இதற்கு நல்ல உதாரணம். 1 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் ஆன பிறகு, இது அசல் கார் இல்லை என்று வாங்கியவர்கள் பின்வாங்க, 1990-ல் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு. லெ மானில் ஓடிய பாகங்களில் சொற்பமே மிச்சம் என்பது அங்கே தெரியவந்தது. ஆனாலும் இடைவெளி இல்லாமல் ஒரே காராகவே அது ஓடி, மாறி, கை மாறி வந்திருக்கிறது, வேறொரு கார் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடவில்லை என்பதைப் பார்த்து, இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். விற்றவர் ஜெயித்தார். பழைய பதிவுப் புத்தகம், சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் கடிதம், பந்தய நாள் ஃபோட்டோ எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கிப் பாருங்கள். நடுவில் பதினைந்து வருஷம் காணாமல் போயிருந்தால், கார் எங்கே, எந்த நிலையில் நின்றது என்று கேளுங்கள். 'ஒரு கொட்டகையில் கிடந்தது' என்பது பதிலே இல்லை, யாருடைய கொட்டகை?

காரை வாங்கிய பிறகு, நல்ல எண்ணத்திலேயே சிலர் ஆதாரத்தை அழித்துவிடுகிறார்கள். பிக்சர் ஃப்ரேமை மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, எண் மங்கிப் போன பிறகு தெளிவாகத் தெரியட்டும் என்று அதன்மேலேயே புதிதாக அடிக்கிறார்கள். இதனால் அசல் காரும் போலி போல் தெரிகிறது. மணல் அடிக்கும் முன்பு எண் உள்ள இடத்தை மூடிவிடச் சொல்லுங்கள். பென்சில் பிரிண்டும், அளவுகோல் வைத்து எடுத்த ஃபோட்டோவும் கைவசம் இருக்கட்டும். குழாய்ச் சட்டம் இனி உதவாது என்று டிங்கர் சொல்லிவிட்டால் புதிதாக மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பழையதைக் காயலாங்கடைக்குப் போடாதீர்கள். அதை வாங்கிப் போகிறவர் கையில் உங்கள் காரின் எண்ணும் சேர்ந்தே போகிறது. துடைத்து எண்ணெய் பூசி, ஒரு சீட்டு கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். காரை விற்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.