'கணக்கப்பிள்ளை' யார்? வேலைப் பேருக்குப் பொருள் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன ஆனியில் ஒரு தம்பி பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். பிறந்தது, படித்தது எல்லாம் சென்னை. பூர்வீகம் மட்டும் நம்ம சீமை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள். எப்போதோ அவருடைய அப்பாவின் அத்தை சொல்லச் சொல்ல யாரோ எழுதி வைத்த வம்ச வரிசை அது. தலைப்பில் இருந்த ஆளின் பேருக்குப் பக்கத்தில் 'கணக்கப்பிள்ளை' என்று எழுதியிருந்தது.

"எங்க பூட்டன் கர்ணமா இருந்திருக்கார் அண்ணாச்சி. ஆனா எந்த ஆபீஸ்லயும் அவர் பேர்ல ஒரு ரெக்கார்டும் இல்லன்னு சொல்றாங்க."

கர்ணம் என்றால் அந்தக் காலத்துக் கிராமக் கணக்கர். பழைய பத்திரம் வாசித்துச் சொல்கிறவன் என்பதால்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு அலுவலகத்தைச் சொல்லி அனுப்பி வைத்தேன். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். அவருக்கு அவசரம் என்னவென்றால் வெளிநாட்டு வேலைக்கான படிவம். நம் ஊரில் இனிஷியலோடு காலம் தள்ளியவர்களுக்கு அங்கே போனதும் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இன்றைக்குப் பாதிப் பேர் பூட்டனைத் தேடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் தேடுகிற வழியில் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில் விழுகிறார்கள்.

முதல் குழி எழுத்திலேயே இருக்கிறது. அந்தத் தம்பி படிவத்தில் போட்டிருந்ததை ஆங்கில எழுத்தில் படித்தால் 'கனகபிள்ளை'. ண, ன, ந மூன்றுக்கும் அங்கே ஒரே எழுத்துதான். க்க என்ற இரட்டிப்பும் காணாமல் போய்விடுகிறது. அடுத்த தலைமுறை அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது கனகம், அதாவது பொன், வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நாங்க நகை வியாபாரப் பரம்பரை" என்று சொன்ன ஒரு குடும்பத்தின் கிரயப் பத்திரத்தில் நானே மூன்று சுழி 'ண'வைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஆங்கில எழுத்தில் இருந்து பொருள் தேடாதீர்கள். தமிழில் கையெழுத்துப் போட்ட ஒரு தாளாவது கிடைக்கும்வரை பொறுங்கள்.

இரண்டாவது, காதுக்குப் பட்டபடி சொல்லைப் பிளப்பது. கணக்கு, அப்பன், பிள்ளை மூன்றும் சேர்ந்து கணக்கப்பிள்ளை என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அப்பன் எல்லாம் இதில் இல்லை. கணக்கன் என்பதோடு பிள்ளை சேரும்போது ன் விழுந்து ப் மிகுகிறது. குமரன் கோட்டம் 'குமரக்கோட்டம்' ஆவதைப் போலத்தான். கணக்கு என்பதோடு நேராகச் சேர்ந்தால் கணக்குப்பிள்ளை. இரண்டும் வழக்கில் உண்டு, பொருளில் பெரிய வேற்றுமை கிடையாது. 'க'வும் 'கு'வும் மாறியதை வைத்து இரண்டு வம்சம் கண்டுபிடிக்க வேண்டாம்.

இந்தப் பிளக்கும் ஆசைக்கு நம்ம பக்கத்தில் நல்ல உதாரணம் கங்காணி. கடைசியில் 'காணி' என்று ஒலிப்பதால் நிலத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். காணி என்றால் நிலம்தான், நிலவுரிமைதான். பழைய கணக்கில் அது எண்பதில் ஒரு பங்கும்கூட: 1/80 காணி, அதில் பாதி அரைக்காணி, மூன்று மடங்கு முக்காணி. தாமிரபரணி கடலில் சேர்கிற பக்கத்தில் முக்காணி என்று ஊரே இருக்கிறது. பாபநாசம் மலையில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். இத்தனை காணி சுற்றி இருக்கும்போது கங்காணியும் அந்தக் கூட்டம்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது கண்காணி. கண்ணால் காண்கிறவர், மேற்பார்வை பார்க்கிறவர். சோழர் காலக் கல்வெட்டிலேயே கோயில் காரியத்தைப் பார்க்கிற கண்காணி வருகிறார். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போன கங்காணி அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்திய வாரிசு. காணிக்கை என்பதும் காண் வழிதான். பெரியவர்களைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோவது. ஒலி ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நினைத்தால் நிலமும் கண்ணும் ஒன்றாகிவிடும்.

கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டுமா?

பள்ளிக்கூடம் நம் தலையில் ஏற்றிய பொருள் அது. பழைய தமிழில் கணக்கு எழுத்துக்கும் நூலுக்கும் சேர்த்து நின்றது. அ, ஆ தொடங்கி வரும் எழுத்து வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பேர். பதினெண்கீழ்க்கணக்கில் வாய்ப்பாடா இருக்கிறது? நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்கிறார்கள். அங்கே கணக்காயர் என்றால் ஆசிரியர். சொல்லிக்கொடுக்கிறவர், எழுதுகிறவர், எழுதியதைக் காப்பவர் மூவரும் ஒரே சொல்லின் நிழலில் நின்றவர்கள். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கல்வெட்டில் இன்னும் ஒரு வேடிக்கை. கணக்கு என்ற சொல்லே ஆளையும் குறிக்கும். சாசனத்தின் முடிவில் 'ஊர்க்கணக்கு இன்னார் எழுத்து' என்று வந்தால், ஊரின் கணக்கர் இன்னார் கைப்பட எழுதியது என்று பொருள். கணக்குப் புத்தகம் கையெழுத்துப் போட்டதாகப் படித்துவிட்டு, பாதியில் குழம்பி விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கர்ணம். தம்பி செய்தது இதுதான்: கணக்கப்பிள்ளை என்று கண்டதும் கர்ணம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது. கர்ணம் என்பது கரணம் என்ற வடசொல் வழி வந்தது, எழுத்து வேலை, ஆவணம் என்ற பொருளில். பாரதத்துக் கர்ணனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "கொடை குடுத்த வம்சம்" என்று யாராவது ஆரம்பித்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கிராமத்துக் கர்ணம்தான் அடங்கலும் சிட்டாவும் எழுதினார். எந்தச் சர்வே எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் அவர் கையில். மணியம் வரி வசூலிப்பார், தலையாரி ஆளைக் கூப்பிட்டு வருவார். 1895-ல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று இந்த வேலைகளைப் பரம்பரை உரிமையாகவே வரையறுத்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியம் பதவிகளை எடுத்துவிட்டு, பரீட்சை எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் அரசு பக்கம் தீர்ப்பானது. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குப் போன வருஷம் வந்த இருபத்தாறு வயசு அலுவலரும் கர்ணம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது: வேலை போனாலும் வீட்டுப் பேர் போகாது. 'கணக்கப்பிள்ளை வீடு' என்றால் இன்றைக்கு அங்கே மொபைல் கடைக்காரர் இருக்கலாம். அதே மாதிரி, மூன்று தலைமுறைக்கு முன் வெறும் இரண்டு வருஷம் பொறுப்பு பார்த்த ஒருவரால்கூட ஒரு வீட்டுக்கு அந்தப் பேர் ஒட்டியிருக்கலாம். பேர் பழையதென்று பதவியும் அவ்வளவு பழையது என்று சொல்ல முடியாது.

வருஷத்தில் ஏமாறுவது தனிக் கதை. 'பசலி 1352' என்று போட்ட ஒரு தீர்வை ரசீதைக் காட்டி, கிட்டத்தட்ட 700 வருஷமாக எங்கள் குடும்பம் கணக்கு எழுதுகிறது என்று ஒருவர் சொன்னார். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான வருஷம். அதோடு 590 கூட்டினால்தான் ஆங்கில வருஷம் வரும். ஜூலை முதல் தேதி தொடங்குகிற வருஷம் அது. 1352 என்றால் 1942-43. அவருடைய தாத்தா காலம். நெல்லைச் சீமைப் பழம் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும், அதாவது மலையாள வருஷமும், நிறைய வரும். ஆவணியில் பிறக்கிற வருஷம். கொல்லம் 1050 என்றால் 1874-75. ரசீதில் 'பசலி'யா 'கொல்லமா' என்ற அந்த ஒரு சொல் அழிந்திருந்தால் அவசரப்படாமல் தாளையும் முத்திரையையும் பாருங்கள்.

ஊர் மாறினால் வேலையும் மாறும்

சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். இங்கே எந்த மூத்தவரையும் அண்ணாச்சி என்போம். உறவுச்சொல் ரயிலேறிப் போய் வேலைப் பேர் ஆகிவிட்டது. கணக்கப்பிள்ளையும் அப்படிப் பயணம் போன சொல்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் நிலவரிக்காரர் இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களை மேய்த்து, ஆள் பேர் பதிந்து, வேலை வாங்குகிறவர். துரைக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பத்தில் யாராவது 'எங்க தாத்தா கணக்கப்பிள்ளை' என்றால் தாலுகா ஆபீசில் தேடிப் பயனில்லை. தோட்டத்துச் செக்ரோலில்தான், அதாவது ஆள் பதிவேட்டில்தான், அவர் இருப்பார். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேய வியாபாரிகளின் வாயில் இதே சொல் 'கானிக்கோப்பொலி' ஆகி, அவர்களுடைய கிடங்குக் குமாஸ்தாவைக் குறித்தது.

பிள்ளை விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ஆட்கள் சூடாகிறார்கள். பெயரின் கடைசியில் பிள்ளை நின்றால் உடனே சாதிக் கணக்குப் போடுவது நம் பழக்கம். பல ஊர்களில் அந்த வேலை வெள்ளாளர் கையில் இருந்ததும், அவர்கள் பிள்ளைப் பட்டம் போட்டதும் உண்மை. ஆனால் கணக்கப்பிள்ளையில் பிள்ளை வேலைப் பேரின் பகுதி. நெல்லைக் கிறிஸ்தவர்களிடம் சாதாரணமாக வழங்குகிற கோயில்பிள்ளை என்ற பேரில் அது சாதிப் பட்டமா என்ன? தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணில்பிள்ளை என்று சொல்கிற மொழி இது. பிள்ளை இளசையும் குறிக்கும், செல்லத்தையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். முன்னால் நிற்கிற சொல்லைப் பார்க்காமல் பின்னால் நிற்கிற சொல்லை வைத்து ஆளை நிறுத்தக்கூடாது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி திரும்பி வந்தார். நான் சொன்ன இரண்டு அலுவலகத்திலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கேட்க மறந்த கேள்வி நாக்கில் வந்தது: "தம்பி, உங்களுக்கு எந்த ஊரு?"

மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம், கடற்கரை.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையில், அந்தச் சொல்லுக்கு வேறு சரித்திரம். அங்குள்ள பரதவர்கள் 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஆள் குறைவு, நீண்ட கடற்கரை, பாஷையும் தெரியாது. ஒரு கிராமத்தில் சில நாள் இருந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். போகும்போது அங்கே ஒருவரை நியமித்துவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக்கொடுக்க, பிறப்பு, கல்யாணம் தெரிவிக்க, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க. அந்த ஆளுக்குக் கடிதங்களில் அவர் எழுதும் பேர் 'கனக்கப்போலெ'. நம் கணக்கப்பிள்ளைதான், போர்த்துக்கீசிய உச்சரிப்பில். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம்? போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை (பணம் என்பது அன்றைய நாணயம்) அரசியிடமே கேட்டு வாங்கினார்.

ஆக கணக்காயருடைய பழைய வேலை, சொல்லிக்கொடுப்பதும் எழுதி வைப்பதும், கடற்கரைக் கிறிஸ்தவக் கோயிலில் வந்து சேர்ந்திருந்தது. வரிப் புத்தகத்தோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை.

அந்த அப்பாவின் அத்தை இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள், எண்பதுக்கு மேல், அதே ஊரில். "அவங்ககிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை. தாள்தான் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார். என் வீட்டுத் திண்ணையிலிருந்தே போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"கர்ணமா? ஏல, யாரு சொன்னது? எங்க அப்பா கோயில் கணக்கப்பிள்ளைலா. சாயந்தரம் மணியடிச்சதும் பிள்ளையள எல்லாம் கூட்டி வச்சி செபஞ் சொல்லிக் குடுப்பாவ. கோயில் நோட்டும் அவியதான் எழுதுவாவ. நீ போயி எங்கல தேடுத?"

படிவத்தின் அந்தக் கட்டத்தில் அப்பா பேரையே போட்டுவிட்டதாகப் பிறகு தகவல் சொன்னார். கோயில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறாராம். பூட்டன் கையெழுத்து அதில் இருந்தால் என்னையும் கூட்டிப் போவதாகப் பேச்சு.