பரிசுக்குப் பின்னுகிறீர்களா? முதலில் கண்ணியை எண்ணுங்கள்

டிசம்பரில் டொராண்டோ போகும் மருமகனுக்கு ஸ்வெட்டர், பேத்திக்குக் குல்லா, சம்பந்தியம்மாவுக்கு மஃப்ளர் என்று அக்டோபரில் வாயால் ஒப்புக்கொள்வது சுலபம். நவம்பர் கடைசியில் ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் மட்டும் முடிந்த நிலையில், இரவு பதினொரு மணிக்குக் கண் எரிய உட்காரும்போதுதான் பின்னலே வெறுத்துப்போகிறது. கை மெதுவாக ஓடுவதால் வரும் வினை இல்லை இது. கணக்குப் போடாமல் நாள் குறித்ததால் வருவது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. நடுத்தரக் கனமுள்ள டிகே (டபுள் நிட்டிங்) உல்லன் நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால், 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வரும். நிமிடத்துக்கு எத்தனை கண்ணி பின்னுகிறீர்கள் என்று கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். டிவி பார்த்துக்கொண்டே பின்னுபவர் என்றால் டிவி ஓடும்போதே அளந்துவிடுங்கள், அதுதான் உண்மையான வேகம். நிமிடத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம்.

20 செ.மீ. அகலம், 160 செ.மீ. நீளத்தில் ஒரு மஃப்ளர். எல்லா வரிசையும் நிட் (நேர்க்கண்ணி) போட்டுப் பின்னினால் வரிசைகள் நெருக்கமாக உட்காரும், 10 செ.மீ. உயரத்துக்கு 44 வரிசை வரை போகும். ஆக 44 கண்ணி, 704 வரிசை, மொத்தம் கிட்டத்தட்ட 31,000 கண்ணி. 26 மணி நேர வேலை. தினம் முக்கால் மணி உட்கார்ந்தால் 35 நாள். ‘மஃப்ளர்தானே, சும்மா நேராகப் போகும்’ என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதே மஃப்ளரைத் தடித்த நூலில், 6.5 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 14 கண்ணியாகப் பின்னினால் 28 கண்ணி, 448 வரிசை, சுமார் 12,500 கண்ணி. பத்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், நூலின் கனத்தைக் கூட்டுங்கள்.

பெரியவர் ஸ்வெட்டர் டிகே நூலில் ஏறக்குறைய 60,000 கண்ணி. பின்னவே 50 மணி நேரம், அதற்கு மேல் மூட்டுத் தையல், கழுத்துப்பட்டை. தினம் முக்கால் மணி என்றால் இரண்டரை மாதம். அதனால் ஸ்வெட்டருக்குத் தேதி சொல்லாதீர்கள். ‘இந்த வருஷம் ஸ்வெட்டர் முடியாது அண்ணி, குல்லா பின்னித் தரட்டுமா?’ என்று முதலிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதி ஸ்வெட்டரோடு திணறும்போது சொன்னால்தான் முகம் சுளிக்கும்.

பரிசுக்குக் குல்லாவைப் போலத் தோதானது வேறில்லை. 100 கிராம் டிகே கண்டு ஒன்று போதும், மிச்சமும் வரும். பெரியவர்களின் தலைச் சுற்றளவு பொதுவாக 55 முதல் 58 செ.மீ. குல்லா அதைவிட 5 செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடித்து நிற்கும்.

56 செ.மீ. தலைக்கு இப்படிப் பின்னலாம். 3.25 மி.மீ. ஊசியில் 114 கண்ணி ஏற்றுங்கள். 112 குல்லாவுக்கு, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டுத் தையலுக்கு. ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு, இரண்டு நிட், இரண்டு பர்ல் (நிட்டின் மறுபக்கம் போல விழும் கண்ணி) என்று 5 செ.மீ. ரிப் (இழுபடும் பட்டை) போடுங்கள். பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று அடியிலிருந்து 14 செ.மீ. உயரம் வரும் வரை போங்கள். அடுத்தது உச்சி. நிட் வரிசையில் 12 கண்ணி பின்னி இரண்டை ஒன்றாகச் சேருங்கள். இப்படி எட்டு முறை. பர்ல் வரிசையில் குறைக்க வேண்டாம். அடுத்த நிட் வரிசையில் 11 பின்னி இரண்டு சேருங்கள், அதற்கடுத்ததில் 10, அப்படியே இறங்கிக்கொண்டே போங்கள். ஓரக் கண்ணி இரண்டையும் சேர்த்து 10 கண்ணி மிஞ்சும்போது, நூலை அரை மீட்டர் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணி வழியாகவும் இழுத்து இறுக்குங்கள். அதே நூலால் பின்பக்கத்தைத் தைத்துவிடலாம். மொத்தம் சுமார் 6,300 கண்ணி; தையலோடு சேர்த்து ஆறு மணி நேரம்.

கண்ணி ஏற்றும்போது பலரும் இறுக்கிவிடுகிறார்கள். குல்லா அழகாக இருக்கும், தலையில்தான் ஏறாது. உங்கள் கையும் அப்படி என்றால், 4 மி.மீ. ஊசியில் கண்ணி ஏற்றிவிட்டு, முதல் வரிசையிலிருந்து 3.25க்கு மாறுங்கள்.

ஊசி எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. நம்மூர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் புழங்குகிறது. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்க எண் தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மி.மீ. இணையத்தில் கிடைத்த அமெரிக்கக் குறிப்பில் ‘8ஆம் நம்பர், 90 கண்ணி’ என்று இருக்க, நம்மூர் 8ஆம் நம்பரையும் டிகே நூலையும் எடுத்தால், 50 செ.மீ. வரவேண்டிய குல்லா 41 செ.மீ.தான் வரும். தாத்தாவுக்குப் பின்னியது கைக்குழந்தைக்குத்தான் பொருந்தும். மி.மீ. அளவை மட்டும் நம்புங்கள்.

மாதிரித் துண்டு பின்னுவது சலிப்புத்தான். ஆனாலும் குல்லாவுக்கும் ஸ்வெட்டருக்கும் அதைத் தவிர்க்கக் கூடாது. 34 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரம் பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகு நடுப்பகுதியில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 22க்குப் பதில் 20 வந்தால், மேலே சொன்ன 112 கண்ணி 56 செ.மீ. ஆகிக் குல்லா புருவத்தில் வந்து விழும். ஊசியை ஒரு படி மெலிதாக மாற்றிப் பாருங்கள். மஃப்ளருக்கு இந்தப் பாடு வேண்டாம், இரண்டு செ.மீ. கூடினால் யார் கேட்கப்போகிறார்கள்?

மஃப்ளருக்கு உள்ள தொல்லை வேறு. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னினால் இரண்டு ஓரமும் பின்பக்கம் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும். இஸ்திரி போட்டும் பயனில்லை. அக்ரிலிக் நூலாக இருந்தால் சூடு பட்டுத் துவண்டு, பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. எல்லா வரிசையும் நிட், அல்லது ரிப், இரண்டும் சுருளாது.

நூல் வாங்கும்போது, அதை யார் துவைக்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள். சுத்தக் கம்பளி சூடான நீரில் உரசினால் சுருங்கிக் கெட்டித்துவிடும். எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போடும் வீட்டுக்கு அக்ரிலிக்கோ, மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட கம்பளியோ கொடுங்கள். கண்டுகளின் சாய எண் (ஒன்றாகச் சாயம் ஏற்றியவற்றுக்கு லேபிளில் போடும் எண்) ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். வேறு வேறாகத்தான் கிடைக்கும் என்றால், இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், நிற வித்தியாசம் தெரியாது. கறுப்பும் கருநீலமும் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணியே தெரியாது. நழுவியது பத்து வரிசை தள்ளித்தான் கண்ணில் படும்.

நழுவிய கண்ணியை அப்படியே விட்டால் ஏணி மாதிரி கீழே இறங்கும். குரோஷா ஊசியால் குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே ஏற்றிவிடலாம். வேலைப்பாடுள்ள பின்னல் என்றால் 20 வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத் தையல் நூலை ஊசியில் உள்ள எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டி வையுங்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த நூலோடு நின்றுவிடும். ஒரு நிட் இருக்கவேண்டிய இடத்தில் பர்ல் விழுந்திருக்கிறதா? கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தெரியவில்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும்.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். கட்டைவிரல் அடியில் வலித்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்களோ என்று பாருங்கள். வரிசையின் நடுவில் கீழே வைக்காதீர்கள்; திரும்ப எடுக்கும்போது திசை மாறி, குட்டை வரிசையும் ஓட்டையும் விழும். காலுறை, கையுறை போல ஜோடியாக வருவனவற்றை ஒரே ஊசியில், இரண்டு கண்டு வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பின்னுங்கள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்க யாருக்கும் மனசு வராது.

கைக்குழந்தைக்கு என்றால் அளவைப் பெரிதாக எடுங்கள். பிறந்தபோது 35 செ.மீ. இருக்கும் தலை ஆறு மாதத்தில் 43 செ.மீ. ஆகிவிடும். பொத்தானும் நீண்ட நாடாவும் வேண்டாம். ஒன்று வாய்க்குள் போகும், மற்றது கழுத்தைச் சுற்றும். கையுறையின் உள்ளே நூல் முனை தொங்கக் கூடாது, பிஞ்சு விரலில் சுற்றி இறுகிவிடும். முனைகளை 5 செ.மீ.யாவது உள்ளே கோத்து, உள்பக்கம் திருப்பித் தடவிப் பாருங்கள்.

கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே பின்னலை முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள். துவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். கொடியில் போட்டால் நீரின் கனத்தில் நீண்டுவிடும். ஐப்பசி அடைமழையில் ஒரு ஸ்வெட்டர் காய மூன்று நாள் ஆனாலும் ஆகும். பொட்டலத்துக்குள் கண்டின் லேபிளையும், மிச்ச நூலில் இரண்டு மீட்டரையும் வையுங்கள். முழங்கையில் ஓட்டை விழுந்தால் அதே நிறத்தில் அடைக்க உதவும்.