ஹொக்கி ஸ்டிக்கை அறுக்கும் முன், கிளவுஸைப் போடும் முன்

கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது மட்டை வாங்கினால் ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால் நாள் கணக்காகத் தட்டிப் பதப்படுத்தாமல் மைதானத்துக்குக் கொண்டு போக மாட்டான். டொரன்டோவின் ஸ்காபரோவில் மகனுக்கு முதல் ஐஸ் ஹொக்கி ஸ்டிக் வாங்கிய அன்று அதே நினைப்பில் கடைப் பையனிடம் “இதுக்கு என்ன எண்ணெய்?” என்று கேட்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு உருளை டேப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

விஷயம் இதுதான். இப்போதைய கார்பன் ஸ்டிக்குக்குப் பதப்படுத்தல் எதுவும் கிடையாது. முதல் நாள் எப்படி இருக்கிறதோ அதுதான் அதன் உச்சம், அதற்குப் பிறகு அடி வாங்கி வாங்கி நைந்து போவது மட்டும்தான். ஸ்டிக்குக்கு வேண்டியது அளவு, பழக்க வேண்டியது கிளவுஸை. மேல்ரக ஸ்டிக் ஒன்று 300 டொலரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும் ஊரில், அளவு பார்க்காமல் வாங்கிய விலை உயர்ந்த ஸ்டிக்கை விட, அளவாக அறுத்துக் கட்டிய நடுத்தர ஸ்டிக் எவ்வளவோ மேல்.

முதலில் நீளம். வெறுங்காலில் நின்று ஸ்டிக்கைச் செங்குத்தாக நிறுத்தினால் மூக்கு வரை, ஸ்கேட் போட்டு நின்றால் நாடி வரை. இது தொடங்குவதற்கான அளவு, சட்டம் இல்லை. பின்வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பறிப்பதற்காகக் கொஞ்சம் நீளமாக வைப்பார்கள், பக்கை, அதாவது ஐஸில் அடிக்கிற ரப்பர் வட்டை, உருட்டி வெட்டிப் போகிற பிள்ளைகள் கட்டையாக வைப்பார்கள். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் உச்ச வரம்பு 63 அங்குலம், 6 அடி 6 அங்குலமோ அதற்கு மேலோ உயரமானவர்கள் அனுமதி கேட்டால் 65 வரை விட்டுக் கொடுப்பார்கள்.

அப்புறம் ஃப்ளெக்ஸ். நான் சறுக்கி விழுந்த இடம் இது. ஸ்டிக்கில் போட்டிருக்கும் 50, 75, 85 என்ற எண், தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதில் பாதியை ஃப்ளெக்ஸாக வை என்பார்கள். மகன் அப்போது 90 பவுண்டு, ஆக 45 அளவில் வாங்கியிருக்க வேண்டும். “வளருகிற பிள்ளைதானே” என்று 50 ஃப்ளெக்ஸில் நீளமாக ஒன்றை வாங்கி, வீட்டில் வைத்து நாலு அங்குலம் அறுத்துத் தள்ளினேன். தண்டு குட்டையானால் விறைப்பு கூடும் என்பது எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஓர் அங்குலத்துக்கு நாலைந்து கூடும். பிள்ளை கையில் இருந்தது கிட்டத்தட்ட ஓர் இரும்புக் குழாய். ஒரு மாதம் பக்கை ஐஸை விட்டுக் கிளப்பவே அவனால் முடியவில்லை, நானோ கூரைக்கடியில் நின்று “பலமா அடி, பலமா அடி” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் அறுக்கிறதாக இருந்தால், அறுத்த பிறகு வரும் ஃப்ளெக்ஸை மனதில் வைத்து வாங்குங்கள். பல ஸ்டிக்குகளில் மேல்முனைப் பக்கம் கோடு கோடாக, இந்த இடத்தில் வெட்டினால் இந்த ஃப்ளெக்ஸ் என்று அச்சிட்டிருக்கும்.

அறுப்பதற்கு வெட்டப் போகும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் கார்பன் இழை பிய்ந்து முள் முள்ளாக நிற்கும். இரும்பு அறுக்கும் சின்ன ரம்பம் போதும், பல் நெருக்கமானதாக, அங்குலத்துக்கு 32 பல் உள்ளதாகப் பாருங்கள். ஒரே பக்கமாக அழுத்தி அறுத்துக்கொண்டு போனால் கடைசி ஓரம் கிழியும், கொஞ்சம் அறுத்து, தண்டைத் திருப்பி, அடுத்த பக்கம் கொஞ்சம் அறுத்து என்று நாலு பக்கமும் சுற்றி வாருங்கள். கார்பன் தூள் மூச்சுக்கு ஆகாது, தோலில் பட்டால் அரிக்கும், ஆகவே வெளியிலோ கராஜிலோ முகக்கவசத்துடன் அறுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒரே தடவையில் இரண்டு அங்குலம் எடுக்காமல் அரை அங்குலமாகக் குறைத்து, ஒரு பயிற்சி விளையாடிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறிப்போய்க் கூடுதலாக அறுத்துவிட்டால் கடையில் மரச்செருகு கிடைக்கும், சூட்டுப் பசை வைத்து உள்ளே இறக்கினால் இழந்த நீளம் திரும்ப வரும். எனக்கும் அதுதான் கைகொடுத்தது.

ஸ்டிக்கின் ‘லை’ சரியா என்பதை டேப்பே சொல்லிவிடும். பக்கை அடிக்கிற அடிப்பகுதியான பிளேடும் தண்டும் சேரும் கோணத்துக்குத்தான் அந்தப் பெயர். இரண்டு மூன்று ஆட்டம் கழித்து பிளேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் நல்லது. குதிகால் பக்கம், அதாவது தண்டோடு சேரும் பக்கம், தேய்ந்திருந்தால் ஸ்டிக் நீளம் அல்லது லை எண் கூடுதல், நுனிப் பக்கம் தேய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு.

பிளேடின் வளைவைப் பொறுத்தவரை, அது கடையில் இருக்கிறபடிதான். 1960களின் தொடக்கத்தில் சிக்காகோ அணியின் ஸ்டான் மிகிட்டா பயிற்சியில் வெடித்து வளைந்துபோன ஸ்டிக்கால் அடிக்க, பக் விநோதமாகப் பறந்ததாம். அதன் பிறகு அவரும் பாபி ஹல்லும் மரப் பிளேடை வெந்நீரில் போட்டுக் கதவிடுக்கில் செருகி வளைத்தார்கள். கார்பன் பிளேடில் அந்த விளையாட்டை முயன்று பார்க்காதீர்கள், உள்ளே பிளந்துவிடும். பி92, பி88, பி28 என்று எண்ணிட்ட வளைவுகள் உண்டு, தொடங்குபவர்களுக்கு நடுவில் வளைந்த பி88 பிழைவிடாது என்பது என் எண்ணம். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1993 என்ஹெச்எல் இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டமே சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸ் 2-1 என்று முன்னிலையில் இருக்கையில், 1 நிமிடம் 45 விநாடி மிச்சம் இருந்தபோது மொன்றியல் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ் எதிரணி மார்ட்டி மக்சோர்லியின் ஸ்டிக்கை அளக்கச் சொன்னார். வளைவு கூடுதல், தண்டனையாக மக்சோர்லி இரண்டு நிமிடம் வெளியே. மொன்றியலின் எரிக் டெஜார்டான் சமன் செய்து, கூடுதல் நேரத்திலும் அவரே கோல் போட்டார். இன்று அந்த வரம்பு முக்கால் அங்குலம்.

டேப் கட்டுவது பொறுமைக் காரியம். குதிகாலில் தொடங்கி நுனி நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட, சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டுங்கள். நுனியில் மிஞ்சுவதைக் கத்தரித்து, மொத்தத்தையும் ஒரு பழைய பக்கால் அழுத்தித் தேயுங்கள், டேப் பிளேடோடு ஒட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம் மெழுகு தடவினால் பனி ஒட்டாது. கறுப்பா வெள்ளையா என்பது பிளேடில் ருசியைப் பொறுத்தது. கைப்பிடியில் மட்டும் வெள்ளையே கட்டுங்கள், கறுப்பு டேப் கிளவுஸின் உள்ளங்கையைத் தின்றுவிடும். முனையில் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக் குமிழ் செய்து, டேப்பைக் கயிறாக முறுக்கித் தண்டின் மேல் சுருளாக இறக்கி, அதற்கு மேல் ஒரு பட்டை கட்டினால் பிடி வழுக்காது.

கிளவுஸ் வாங்கும்போது விரல் நுனிக்கு முன்னால் கால் அங்குலம் இடம் இருந்தால் போதும். புதிதில் அது மரக்கட்டை மாதிரிதான் இருக்கும். அதைப் பழக்க ஒரே வழி போட்டுக்கொண்டு இருப்பது. மகன் தொலைக்காட்சி பார்க்கும்போது கிளவுஸோடு டென்னிஸ் பந்தை உருட்டச் சொன்னேன், ஒவ்வொரு விரலையும் கட்டை விரலையும் மூட்டு மூட்டாக மடக்கி மடக்கி விட்டேன். ஒரு வாரத்தில் பணிந்துவிட்டது. அடுப்பில் சூடாக்குவதோ தண்ணீரில் ஊற வைப்பதோ வேண்டாம், உள்ளங்கைத் துணி காய்ந்து கடினமாகி வெடிக்கும். உணர்வு கூட வேண்டுமென்று உள்ளங்கையை வெட்டித் திறப்பவர்களும் உண்டு, அது என்ஹெச்எல் விதியில் நேரடியாகச் சிறு தண்டனைக்குரியது, கை பிய்ந்து போவது தனி. ஆட்டம் முடிந்ததும் பையைத் திறந்து வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் காய வைக்கவும். பையிலேயே விட்டால் மறுநாள் வாகனத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், எங்கள் வீட்டில் அதற்குத் தனிச் சண்டையே நடந்திருக்கிறது.

இடக்கைப் பக்கம் அடிக்கிற மகனுக்கு மேல்கை வலது. அந்தக் கிளவுஸில்தான் இப்போது உள்ளங்கை நைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. விரல் நுழையும் அளவு ஆனதும் உள்ளங்கை மட்டும் மாற்றித் தைக்கக் கொடுப்பேன், புது ஜோடி வாங்கி மறுபடி ஒரு வாரம் மடக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.