வீட்டு மீடியா சர்வருக்கு எந்தக் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு பருவமழைகளும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்து ஈரத்தில், தக்கலையில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த அக்காவின் கல்யாண டிவிடி ஒன்றின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைக் கண்ட அன்றே வட்டுகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, பழைய மடிக்கணினி ஒன்றை, வீட்டிலுள்ள மற்றத் திரைகளுக்குப் படங்களை அனுப்பும் மீடியா சர்வராக்கினேன். மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி சிறிது நேரம் தாங்கும் என்பதால், தொடங்குவோருக்கு மடிக்கணினியையே பரிந்துரைப்பேன்.

முதற்படியாக, எந்தக் கருவியில் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒரே டிவி மட்டும்தான், அதுவும் கணினியுடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்திருக்கும் என்றால் சர்வரே வேண்டாம். 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று அழைக்கப்பட்ட கோடி (Kodi) என்ற வீடியோ இயக்கும் மென்பொருள் போதும். டிவி எல்லாக் கோப்புகளையும் தானே இயக்கிவிடும் என்றால் மினிடிஎல்என்ஏ (MiniDLNA) என்ற சிறிய சர்வர் மென்பொருள் போதும். மிக எளியது, ஆனால் கோப்பின் வடிவத்தை மாற்றித் தராது. பாட்டுக்கு மட்டும் என்றால் நாவிட்ரோம் (Navidrome) என்ற இசை சர்வர்.

கைப்பேசி, டிவி, உலாவி என வீட்டில் ஆளுக்கொரு திரை இருந்தால் ஜெல்லிஃபின் (Jellyfin) என்ற மீடியா சர்வர் மென்பொருள்தான் என் தேர்வு. எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை யாரும் பார்க்க முடியாதபடி மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்தது இது. கட்டணப் பூட்டு எதுவும் இல்லை. டிவிக்குப் புரியாத கோப்பை, நீங்கள் பார்க்கும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர்.

இரண்டாம் படியாக, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஜெல்லிஃபினை நிறுவி, அதே வீட்டு வைஃபையில் உள்ள உலாவியில் கணினியின் ஐபி முகவரியையும் (வீட்டு வலையில் அதற்குள்ள எண்) அதன்பின் :8096 என்பதையும் தட்டுங்கள்.

மூன்றாம் படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஹார்ட் டிஸ்கை இணைத்து, கோப்புறையைக் காட்டி, ஜெல்லிஃபினில் நூலகத்தை (படங்களின் தொகுப்பை) சேர்த்த பின்னும் திரை வெறுமையாகவே இருக்கும். நானும் இதில் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன். ஜெல்லிஃபின் தனக்கென ஒரு பயனர் கணக்கில் இயங்குவதால், உங்கள் பயனர் கணக்கில் இணைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்கைப் படிக்க அதற்கு அனுமதி இருக்காது. கோப்புறைக்கு மட்டுமின்றி, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் அந்த அனுமதியைக் கொடுங்கள்.

நம் பக்கத்தில் தமிழ்ப் படங்களோடு மலையாளப் படங்களையும் பார்ப்பவர்கள் நிறைய உண்டு. அவற்றை இரண்டு நூலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தகவல் மொழியை (படத்தின் விவரங்கள் எந்த மொழியில் வர வேண்டும் என்பதை) தனியாகக் குறியுங்கள். கோப்பின் பெயரில் படத்தின் பெயரோடு ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்தால், ஜெல்லிஃபின் இணையத்திலிருந்து எடுக்கும் போஸ்டர் பெரும்பாலும் மாறி வராது. கல்யாண வீடியோவை மட்டும் திரைப்பட நூலகத்தில் போடாமல், வீட்டு வீடியோ வகையில் வையுங்கள். இல்லையெனில் அதற்கு ஏதோ ஒரு படத்தின் போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இறுதியாக, உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பெரிய கோப்பை டிவியில் ஓடவிட்டு, ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரான்ஸ்கோடிங் நடக்கிறது என்று காட்டி, மடிக்கணினியின் விசிறியும் இரைந்தால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை (மாற்றும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியை) இயக்கிவிட்டு அதே கோப்பை மீண்டும் ஓடவிடுங்கள்.