புள்ளிமானையும் மரையையும் காணச் செல்வோருக்கு

இலங்கையின் அம்பாறைக் காடுகளில் புள்ளிமானைக் காண்பதும் மரை எனும் கடமானைக் காண்பதும் ஒரே அளவு முயற்சியில் முடிவதில்லை. இரண்டையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆகவே தொலைநோக்கியும் கமராவுமே நமக்குப் போதும்.

புள்ளிமான் பகலிலேயே கூட்டமாக மேய்வதால், லகுகலைப் புல்வெளிகளில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. குரங்குகள் இலையும் காயும் உதிர்க்கும் மரத்தடிகளை முதலில் பாருங்கள். ஆனால் நெருங்குவது கடினம், ஏனெனில் ஒரு மான் வாலை உயர்த்தினால் கூட்டமே ஓடிவிடும்.

மரையோ இலங்கை மான்களில் மிகப் பெரியதாக இருந்தும், பெரும்பாலும் இரவில் தனித்தோ சிறு குழுவாகவோ நடமாடுவதாலும், அசையாது நிற்கையில் அதன் கபில நிறம் புதரோடு கலந்துவிடுவதாலும், அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். முழு உருவத்தைத் தேடாமல், காதின் அசைவையும் முதுகின் கோட்டையும் தேடுங்கள். விடியலிலும் அந்தியிலும், காற்று மரையிடமிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமாக நீர்க்கரையைக் கவனிப்பதே, என் கருத்தில், மிகச் சிறந்த வழி. அது முன்காலைத் தரையில் தட்டி உரத்துக் குரலெழுப்பினால் அசையாதிருங்கள்; அருகில் சிறுத்தை இருக்கக்கூடும்.

1954இல் உருவான கல்லோயா தேசியப் பூங்காவில், இங்கினியாகலையிலிருந்து படகில் சேனநாயக்க சமுத்திரம் எனும் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் செல்லலாம். கரையை அணுகும்போது இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். யானைகள் உலவும் இடமாகையால், எக்காரணம் கொண்டும் தனியே கரையில் இறங்க வேண்டாம்.