டார்ச் பேட்டரியா? வாங்குமுன் எடை போடுங்கள்

டார்ச், ஹெட்லைட்டுக்கு 18650 செல் (சார்ஜ் ஏற்றுகிற உருளை பேட்டரி) வாங்கும்போது உறையில் எழுதிய எம்ஏஎச்சை, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவை, நம்பாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். ஒரிஜினல் லித்தியம் அயான் செல் 45 கிராம் பக்கம் இருக்கும். 35 கிராமுக்குக் கீழே காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மல்லிகைப்பூ நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசே போதும், அதற்கா மதுரையில் பஞ்சம்!

மின்சாரத்தைச் சேமிப்பது உள்ளே சுருட்டி வைத்த தகடும் அதில் பூசிய ரசாயனமும்தான். அது குறைந்தால் எடையும் குறையும். நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 2,000 முதல் 3,500 எம்ஏஎச் வரைதான். ‘9,900’ என்று அச்சடித்திருந்தால் எடைகூடப் போட வேண்டாம், பொய்தான்.

ஆனால் பழைய லேப்டாப்பில் கழற்றிப் புது உறை மாட்டிய செல்லைத் தராசு காட்டிக்கொடுக்காது. எடை சரியாகவே இருக்கும். கொஞ்சம் பருமனான 21700 செல்லுக்கும், பவர்பேங்க்கில் வரும் தட்டை செல்லுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்புறம், ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறவர்கள் ஸ்பேர் செல்லைச் சாவி, சில்லறையோடு சட்டைப்பையில் போடாதீர்கள். அவை செல்லின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.